பழைய தார் கரையும், கரைந்து எங்கே போகும்?

கொக்குவிலில் எங்கள் பெரியப்பாவின் வீடு ஓட்டு வீடு. முகட்டோரம் நாலைந்து இடங்களில் தார் அப்பிக் கிடந்தது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து வரத் தடை இருந்த நாட்களில், உடைந்த ஓடுகளின் மேல் சாக்குத் துண்டை விரித்துத் தாரைக் காய்ச்சி ஊற்றி ஒழுக்கை அடைத்திருக்கிறார். எத்தனையோ மாரிகளை அந்த ஒட்டு தாங்கிவிட்டது. இப்போது கூரையைப் பிரித்துத் திருத்த வேண்டும். உடையாத ஓடுகளைச் சுத்தமாக்கித் திரும்பவும் அடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "தம்பி, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் தார் போய்விடும்தானே?" என்று கேட்டார்.

"போய்விடும் பெரியப்பா. எங்கே போகும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்" என்றேன். அவருக்கு அன்று சொன்னதை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் எல்லாவற்றையும் நாம் தார் என்றே சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. மசகெண்ணெயிலிருந்து பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் வடித்தெடுத்த பின் அடியில் மிஞ்சுவது பிற்றுமின். வீதிக்குப் போடுவதும், கூரை ஒழுக்குக்குப் பூசுவதும் பெரும்பாலும் இதுதான். நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது வடிவது நிலக்கரித் தார். கறையான் அரிக்காமல் இருக்க மரத்தூணின் அடியில் பூசிய பழைய கறுப்புப் பூச்சு இதுவாக இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறிவது அவசியம், ஏனென்றால் நிலக்கரித் தார் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்பது உறுதியாக நிறுவப்பட்ட விடயம். அதைத் தூளாகப் பறக்கும்படி சுரண்டக் கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது.

பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. கடலை அளவு துண்டொன்றை உடைத்துக் கண்ணாடிக் குவளையில் போட்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் தேர்பன்டைனைக் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிற்றுமின் என்றால் திரவம் கடும் கோப்பிபோல் கறுத்துவிடும். நிலக்கரித் தார் என்றால் வெளிறிய தேநீர் நிறத்தில் நின்றுவிடும். நிறமே மாறாமல் துண்டு அப்படியே கிடந்தால் அது தாரே அல்ல. கறுப்புச் சாயம் கலந்த சீமெந்தாகவோ சிலிக்கோனாகவோ இருக்கும், அதற்கு வழி வேறு.

இந்தச் சோதனைக்குள் இருக்கும் தத்துவத்தை நம் சமையலறையிலேயே பார்க்கலாம். மீன் பொரித்த தாச்சியை வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் பிசுக்குப் போவதில்லை. எண்ணெய் எண்ணெயோடு சேரும், தண்ணீரோடு சேராது. பிற்றுமின் என்பது பெரிய, பாரமான ஐதரோகாபன் மூலக்கூறுகளின் குவியல். மண்ணெண்ணெயும் தேர்பன்டைனும் சிறிய, இலேசான ஐதரோகாபன்கள். ஒரே குடும்பத்தின் மூத்ததும் இளையதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளையது மூத்தவற்றின் இடையே புகுந்து ஒன்றையொன்று விலக்கிவிடுகிறது, கட்டி குழம்பாகிறது. தேங்காயெண்ணெயும் இதைச் செய்யும், மெதுவாக. அதன் பிறகு எண்ணெயைக் கொண்டுபோகச் சவர்க்காரம் வேண்டும், சவர்க்காரத்தைக் கொண்டுபோகத் தண்ணீர் வேண்டும். தாரை எண்ணெய் ஏந்தும், எண்ணெயைச் சவர்க்காரம் ஏந்தும், சவர்க்காரத்தைத் தண்ணீர் ஏந்தும். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றும் நடக்காது.

ஆனால் இந்த மூன்றில் எதுவுமே தாரை இல்லாமல் செய்வதில்லை. கரைப்பான் தாரின் இடத்தைத்தான் மாற்றுகிறது. கரைந்த தார் துணிக்குப் போகலாம், மரத்தூளுக்குப் போகலாம், ஓட்டின் நுண்துளைகளுக்குள் போகலாம், முற்றத்து மண்ணுக்குப் போகலாம், கிணற்றுக்கும் போகலாம். நாம் தீர்மானிக்காவிட்டால் அது இந்தக் கடைசி மூன்றையும்தான் தேர்ந்துகொள்ளும்.

சுட்ட களிமண் ஓடு தண்ணீரை உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தார் கட்டியாக இருக்கும்வரை ஓட்டின் மேற்பரப்பில்தான் பிடித்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி அதைக் குழம்பாக்கியவுடன் அந்தக் குழம்பை ஓடு உறிஞ்சிக்கொள்கிறது. மேலே அப்பியிருந்த கட்டி உள்ளே பரவிய கறையாகிவிடும். அதன்பின் எவ்வளவு தேய்த்தாலும் பழுப்பு நிறம் மாறாது, அதன் மேல் பூசும் பெயின்ட்டிலும் மஞ்சளாகக் கசியும். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவருக்கும் கொங்கிறீற்றுக்கும் இதே கதைதான். ஆகவே கரைப்பானைக் கையில் எடுப்பது கடைசி வேலை. கட்டியாக இருக்கும்போதே எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் முதலில் எடுத்துவிட வேண்டும்.

கட்டியாக எடுப்பதற்குத் தாரின் விசித்திரமான ஒரு குணத்தை அறிந்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு பேராசிரியர் கறுப்புக் கீல் கட்டியைச் சூடாக்கிப் புனலொன்றில் ஊற்றி, 1930இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும் பொருள் அது. ஆனாலும் அது அந்தப் புனலிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு துளியாக இன்றும் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது துளி பிரிந்தது 2014இல். தாரும் அந்தக் கீலின் இனந்தான். அவசரப்பட்டு அடிப்பவருக்குக் கல்லாகவும், காத்திருப்பவருக்குப் பாகாகவும் நடந்துகொள்ளும். குளிர்ந்திருக்கும்போது கல்லின் குணம் மேலோங்கும், சூடேறும்போது பாகின் குணம் மேலோங்கும்.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிறக்கின்றன. ஒன்று, குளிரவைத்துச் சட்டென்று தட்டுவது. மார்கழி, தை விடியற்காலை இதற்கு நல்ல நேரம். ஆனால் நம் ஊர்க் குளிர் மட்டும் போதாது. ஓட்டைக் கழற்றி நிழலில் வைத்து, மீன் சந்தையில் வாங்கிய ஐஸ்கட்டியைப் பொலித்தீன் பையில் போட்டுத் தாரின் மேல் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு மழுங்கிய உளியைத் தாரின் ஓரத்தில் சரிவாக வைத்து, சிறிய சுத்தியலால் குறுகிய அடியாகத் தட்டினால் துண்டு துண்டாகத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பல வருட வெயில் பட்ட தார் இறுகி, மேலே வெடிப்புகள் ஓடி, வறண்ட குளத்தின் அடித்தளம்போல் தெரியும். அப்படிப்பட்ட தார் ஐஸ் இல்லாமலே உடையும். பெரியப்பாவின் ஓடுகளில் முக்கால்வாசி இந்த முறையிலேயே வந்துவிட்டது.

மற்றது, சூடாக்கி மெதுவாக உரிப்பது. வீதிக்குப் பாவிக்கும் சாதாரணப் பிற்றுமின் ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். பங்குனி, சித்திரை மதியத்தில் வெயிலில் கிடக்கும் கறுப்புப் பரப்பு அதைத் தாண்டிவிடும், வேறு அடுப்பு வேண்டியதில்லை. தகரத்திலோ கொங்கிறீற் தளத்திலோ தடிப்பாகப் பிடித்த தாரை இந்த நேரத்தில் சாந்தகப்பையால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கெல்லினால் பாயைச் சுருட்டுவதுபோல் வரும். அலகைச் சவர்க்காரத் தண்ணீரில் அடிக்கடி தோய்த்துக்கொண்டால் ஒட்டாது. சில தொழிற்சாலைத் தார்களைக் காற்றூதி இறுக வைத்திருப்பார்கள். அவை 85 பாகைக்கு மேல்தான் இளகும், அவற்றுக்கு வெயில் போதாது, ஐஸ்தான் சரி. காஸ் விளக்கு கொண்டு கூரையில் சூடு காட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். ஓட்டுக்குக் கீழே காய்ந்த சிலாகையும் தீராந்தியும் இருக்கின்றன, தாரும் எரியும் பொருள், அதன் புகையும் நல்லதல்ல.

இந்த இரண்டு வழிகளுக்கும் பிறகு மிஞ்சுவது தாளளவு மெல்லிய படலம். கரைப்பானுக்கு வேலை இங்கேதான்.

எதைப் பாவிப்பது? பெற்றோல் வேண்டாம். நம் நாட்டில் எந்த வெப்பநிலையிலும் அதன் ஆவி தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது, ஒரு பொறி போதும். மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அது நிழலில் மட்டும் உண்மை. மண்ணெண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 38 பாகையிலிருந்து ஆரம்பிக்கிறது. கூரைத் தகரம் நண்பகலில் 60 பாகை தொடும் ஊரில், அதன் மேல் ஊற்றிய மண்ணெண்ணெய் பெற்றோலின் குணத்துக்கு வந்துவிடுகிறது. உரிக்கும் வேலைக்கு நண்பகல் என்றால், கரைக்கும் வேலைக்குக் காலை அல்லது வெயில் தாழ்ந்த மாலை. பக்கத்தில் பீடி, அடுப்பு, வெட்டும் இயந்திரம் எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஒரு பந்தியை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் எனக்குத் திருப்திதான்.

செய்யும் முறை இது. கரைப்பானை ஊற்றாதீர்கள், துணியில் நனைத்துப் படலத்தின் மேல் ஒற்றுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். தார் மினுங்கி இளகியதும் மரக்காலையில் கிடைக்கும் மரத்தூளைக் கைநிறைய அள்ளி மேலே போட்டு, சிரட்டைத் துண்டால் தேயுங்கள். மரத்தூள் கறுத்துக்கொண்டே போகும். அதைக் கூட்டி வாளியில் போட்டுவிட்டுப் புதிய தூளால் மறுபடியும் தேயுங்கள். இங்கே தாருக்குப் போகும் இடம் கொடுத்துவிட்டோம். ஓட்டுக்குள் போவதற்குப் பதிலாக மரத்தூளுக்குள் போகிறது. கடைசியில் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். குழாய் பிடித்துக் கழுவ வேண்டாம்.

முன்பே யாராவது மண்ணெண்ணெய் ஊற்றிக் கறை உள்ளே இறங்கிவிட்டதா? அப்படியானால் கல்லுக்குப் பற்றுப் போடலாம். உடலில் வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிறோமே, அதே முறைதான். முகத்துக்குப் போடும் பவுடர் அல்லது வெண்களித் தூளைத் தேர்பன்டைனில் குழைத்து, தோசைமாவைவிடத் தடிப்பாகக் கறையின் மேல் அரை அங்குலம் அப்பிப் பொலித்தீனால் மூடி ஒரு நாள் விடுங்கள். தேர்பன்டைன் உள்ளே இறங்கித் தாரைக் கரைக்கும். மறுநாள் பொலித்தீனை எடுத்துவிட்டால் பற்றுக் காயத் தொடங்கும். காய்கிற தூள் ஈரத்தையும் அதோடு தாரையும் வெளியே இழுத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்ததும் சுரண்டி எடுத்துவிட்டுத் தேவையென்றால் இன்னொரு முறை போடுங்கள். முழுக் கூரைக்கும் இது நடைமுறைக்கு ஒவ்வாது. வாசற்படியிலோ சிவப்புச் சீமெந்து விறாந்தையிலோ விழுந்த தார்க்கறைக்கு இதைவிட நல்ல வைத்தியம் நான் கண்டதில்லை.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கி நிற்கும் மழைநீர். மேலே இருக்கும் மண் பல இடங்களில் அதிக ஆழமில்லை, அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமான பாறை. முற்றத்தில் விழும் எதுவும் வடிகட்டப்படாமல் கீழே போக அங்கே நிறையப் பாதைகள் இருக்கின்றன. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் எங்களை எப்படி உலுக்கியது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. அது பெரிய அளவில் நடந்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் அதற்கு ஈடாகாது. ஆனால் அந்தப் போத்தல் ஊற்றப்படுவது உங்கள் சொந்தக் கிணற்றிலிருந்து பத்தடி தூரத்தில். ஆகவே ஓடுகளைக் கழற்றிக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், தடித்த பொலித்தீன் விரித்து அதன் மேல் வைத்தே வேலை செய்யுங்கள். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் பீலியை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். கறுத்த மரத்தூளையும் துணிகளையும் வளவில் புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் பரப்பி உலரவிட்டு, பையில் கட்டி, என்ன இருக்கிறது என்று சொல்லிப் பிரதேச சபையின் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடுகளுக்கு இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. சுரண்டாதீர்கள், உளி வைக்காதீர்கள், கம்பித் தூரிகையோ அரத்தாளோ படவிடாதீர்கள், உயர் அழுத்தத் தண்ணீரும் அடிக்காதீர்கள். சீற்றிலிருந்து பறக்கும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் இதைச் செய்யும். பழைய தார் அந்தச் சீற்றின் மேல் இறுகிக் கிடந்தால் அது ஒரு விதத்தில் நார்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை அப்படியே விட்டு, ஒழுகினால் அதன் மேலேயே புதிய தார்ப்பூச்சைப் பூசுங்கள். சீற் உக்கிவிட்டது என்றால் தாரோடு சேர்த்து முழுச் சீற்றையும் நனைத்து, உடைக்காமல் இறக்குவதுதான் வழி, அது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று, பழைய சீற்றின் மேல் காலை வைத்தவர்கள் அது உடைந்து உள்ளே விழுந்து உயிரையே இழந்திருக்கிறார்கள். ஏற வேண்டி வந்தால் தீராந்திக்குக் குறுக்கே பலகை போட்டு, பலகையில் மட்டும் நடவுங்கள்.

தாரை எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி மற்றக் கூரைகளுக்கும் பொருந்தும். மேலே மறுபடியும் தார்ப்பூச்சே பூசப்போகிறீர்கள் என்றால், உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய தார் நல்ல அடித்தளம். தளர்ந்ததையும் வெடித்துக் கிளம்பியதையும் மட்டும் எடுத்தால் போதும். சீமெந்துப் பூச்சோ வெள்ளை நிற வெப்பத்தடுப்புப் பூச்சோ வரப்போகிறது என்றால் முழுவதையும் எடுக்க வேண்டும், அவை தாரின் மேல் பிடிக்காது. நாகமுலாம் பூசிய தகரத்தில் உளியையும் கம்பித் தூரிகையையும் தவிருங்கள். முலாம் சுரண்டுப்பட்ட இடத்தில் உப்புக்காற்று ஓரிரு மாரிக்குள் துருவை வைத்துவிடும். சிரட்டையும் மரச்சீவலும் போதும்.

முகட்டோட்டில் பிடித்திருப்பது தாரல்ல, சீமெந்துச் சாந்து என்றால் எந்த எண்ணெயும் அதை அசைக்காது. அது கல், பொறுமையாகக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அமிலம் ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஐதரோகுளோரிக் அமிலம் சாந்தைக் கரைப்பது உண்மைதான். ஆனால் நம் பழைய வீடுகளின் சுவரே சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வழிந்த அமிலம் எது வேண்டாத சாந்து, எது சுவர் என்று பார்க்காது.

பசைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டுநாடாவும் லேபிளும் விட்டுப்போன பிசின் தேங்காயெண்ணெயில் ஊறினால் உருண்டு வந்துவிடும். செருப்புத் தைப்பவர் பாவிக்கும் ரப்பர்ப் பசைக்குத் தின்னர் வேலை செய்யும், பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகிய சிலிக்கோன் எந்தச் சாதாரணக் கரைப்பானிலும் கரையாது, சவர அலகால் சீவ வேண்டும். இரண்டு குழாய்களைக் கலந்து ஒட்டும் எப்பொக்சியும் கரையாது, சூடான காற்றில் சற்று மென்மையாகும், அப்போது கெல்லலாம்.

கையிலும் காலிலும் பட்ட தாருக்கு மண்ணெண்ணெயும் தின்னரும் வேண்டாம், அவை தோலின் எண்ணெயையும் எடுத்துத் தோலை எரித்துவிடும். தேங்காயெண்ணெய் அல்லது மாஜரினைத் தடவி ஐந்து நிமிடம் பிசைந்து, துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம். காய்ச்சிய தார் தோலில் விழுந்துவிட்டால் அது வேறு விடயம். உரிக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு, தார் ஒட்டியபடியே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். எடுக்கும் வேலையை அங்கே செய்வார்கள்.

பெரியப்பாவின் ஓடுகளில் பன்னிரண்டில் மட்டும் பழுப்புக் கறை நின்றுவிட்டது. நான் போவதற்கு முன்பே அவர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்த ஓடுகள் அவை. அவற்றைப் பின்பக்கக் குசினிக் கூரையில் அடுக்கினோம். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு மாலையில் நான் ஏணியில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, பெரியப்பா உள்ளே ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சிலாகையாகப் பார்த்துவந்தார். முகட்டுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் ஈரம் தெரிந்தது. அங்கே கொஞ்சம் சீமெந்துச் சாந்து வைத்தோம்.